கிளாலியால் வந்த செய்தி

சலம் முட்டினால் எனக்கு இப்ப
தலை இடிக்கும்.
பிடரி விறைக்கும், நெற்றி வேர்க்கும்,
கையில மயிர் சிலிர்க்கும்.
அவ்வளவுதான் அறிவித்தல்.
நெஞ்சுக்குக் கீழே வேறை நாடு.

மானிப்பாய் றோட்டில, ஒரு பங்குனி மத்தியானம்,
கொங்கிறீற் போஸ்ற் உச்சியிலயிருந்து விழுந்தனான்.
லைன் ஓஃப் எண்டு எழுதித் தந்தவை.
ஆரோ ஒருத்தர் வீட்டு ஜெனரேற்றர்
பின்பக்கத்தால கரண்டை அனுப்பிக்கொண்டிருந்தது.

டொக்டர் ஆரூரன் துண்டொண்டில படம் கீறினார்.
உச்சியில முன்மூளை: அனுமதி தாற கந்தோர்.
கீழே வரோலியின் பாலம்.
ஓஎல் சோதினைக்குப் பாடமாக்கின பேர்,
என்னத்துக்குப் பாலம் எண்டு அப்ப ஒருதரும் சொல்லேல்லை.
அதிலதானாம் ஆளி.
சுண்டெலிக்கும் அதில, நெடுந்தீவுக் குதிரைக்கும் அதில.
ஆளி விழுந்தால் சலப்பை சுருங்கும்,
அதே கணம் வாசலில் இறுக்கி இளகும்.
மற்ற நேரமெல்லாம்
பிடி. பிடி. பிடி.

ஓமந்தையில பஸ்ஸால இறக்கி
ஆறு மணித்தியாலம் வெய்யிலில நிண்டா அக்கா.
மறைப்பில்லை, சுத்திவரத் துவக்கு.
பிடிச்சு வைச்சிருந்தா.
வைராக்கியம் எண்டு நினைச்சன் அண்டைக்கு.
இப்ப நினைச்சால்,
அவவின்ர நெற்றிக்குப் பின்னால
ஒரு காவல்காரன் பாலத்தில குறுக்க நிண்டிருக்கிறான்,
தண்ணி வென்னி இல்லாமல்.

எனக்கு முறிஞ்சது நெஞ்சு முள் நாலு.
பாலம் கிடக்குது, ஆளி கிடக்குது,
முண்ணாணில லைன் இல்லை.
ஆறு கிழமை கீழே கும்மிருட்டு.
பிறகு ஒருநாள் விடியப்புறம் சலப்பை தானாக உதறிச்சுது.
மிஸ்ஸி பிலோமினாவுக்குச் சந்தோசம்:
“பாத்தீங்களோ தம்பி, வேலை செய்யுது!”
எனக்குத் தெரியும் அந்த உதறல்.
மெயின் வரேல்லை.
நாரியில ஆரோ ஜெனரேற்றர் போட்டிட்டினம்.

சலப்பை நெருக்க, இறுக்கியும் நெருக்கும்.
தள்ளுறவனும் கதவைச் சாத்துறவனும்
ஒரே வீட்டில இருந்துகொண்டு கதையில்லை.
போக வழியில்லாதது
மேல்நோக்கித் திரும்பும், சிறுநீரகம் வரைக்கும்.
பின்பக்கத்தால வாறது
எனக்குப் புதிசில்லை.

ஆனையிறவு பூட்டின காலம்
சனம் கிளாலியால போனது,
இரவில, வெளிச்சம் காட்டாமல், வள்ளத்தில.
என்ர சலப்பையும் அப்பிடித்தான் ஆள் அனுப்புது.
தரைப்பாதை இல்லாததால
இரத்தக் குழாய்களைப் பிடிச்சு நெரிச்சு
அழுத்தத்தை ஏத்தி
அந்த ஏத்தத்தில வந்து மண்டையைத் தட்டும்.

மச்சாள்ர கலியாணத்தில, கொண்டாவில் மண்டபத்தில,
கெட்டிமேளத்துக்குச் சரியாத் தட்டிச்சுது.
கழிவறைக் கதவு இருபத்திநாலு அங்குலம்,
வீல்செயார் இருபத்தாறு.
மணவறைக்குப் பின்னால, பூப்பெட்டிகளுக்கு நடுவில,
தோழன் கஜவதனன் சால்வையை விரிச்சுப் பிடிக்க
ரியூபைப் போட்டன்.
வெளியில அறுகரிசி எறிஞ்சினம்.

இரவு இரண்டு மணிக்கு அலாரம்.
கட்டிலுக்குக் கீழே பூனை ஐஞ்சு குட்டி போட்டிருக்குது.
கண் திறக்கேல்லை.
தாய் நக்கினால்தான் அதுகளுக்குச் சலம் போகும்,
நக்காட்டி முட்டிச் செத்துப்போகும்.
நாள் செல்லப் பாலம் பொறுப்பெடுக்கும்,
அந்தப் பழைய வழிக்கு மேல மண்ணைப் போடும்.
மூடினது அழியிறேல்லையாம், ஆரூரன் சொன்னவர்,
தாண்டு கிடக்கும்.
என்னில எழும்பியிருக்கிறது அந்தச் சாதிதான்,
நாற்பத்திமூண்டு வரியத்துக்குப் பிறகு.

ஜெல். ரியூப். போத்தல்.
நானூற்றிப்பத்து மில்லி எண்டு கொப்பியில எழுதுறன்.
தலையிடி படியிறங்கிப் போகுது.
கீழே நாக்குச் சத்தம்,
ஒரு குட்டி முடிய அடுத்தது.
வெள்ளைக் குட்டியை மட்டும் திரும்பவும் நக்குது,
அதுக்கு என்னவோ தெரிஞ்சிருக்குது.

அடுத்த அலாரம் ஆறு மணிக்கு.